பச்சை பெயிண்டுக்குக் கீழே நான்கு வெட்டு

1

இந்த நாட்டில் மரச்சாமானை அடிப்பதற்கு வகுப்பு நடத்துகிறார்கள். முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்தால்தான் இடம் கிடைக்கும். நான் இரண்டு மாதம் காத்திருந்து சேர்ந்தேன்.

லீட்ஸ் நகரத்துக்கு நான் வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. முழுப் பெயர் பாண்டியம்மாள். உடன் வேலை பார்ப்பவர்களுக்கு அது வாயில் நுழையவில்லை, பாண்டா ஆக்கிவிட்டார்கள். கரடியாக இருப்பதில் எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. சனிக்கிழமைகளில் பழைய சாமான் கடையிலிருந்து மேசை, நாற்காலி, இழுப்பறைப் பெட்டி என்று எதையாவது தூக்கி வந்து, கார் நிறுத்தும் கொட்டகையில் வைத்துப் பெயிண்ட் அடிப்பேன். சாக் பெயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. பளபளப்பே கிடையாது, காய்ந்தால் பள்ளிக்கூடத்துச் சுவரைத் தொட்ட மாதிரி இருக்கும். அதன் அருமை என்னவென்றால், மரத்தைத் தேய்க்க வேண்டாம், பழைய பெயிண்டைச் சுரண்ட வேண்டாம். எதன் மேலும் ஒட்டிக்கொள்ளும், எதையும் மறைத்துவிடும். மேலே மெழுகைத் துணியில் தொட்டுத் தேய்த்தால் வேலை முடிந்தது. எனக்கு ஏன் இது இவ்வளவு பிடித்துப்போனது என்று ரொம்ப நாள் நான் யோசிக்கவே இல்லை.

அந்த வகுப்பு, புதிதாகப் பெயிண்ட் அடித்த சாமானைப் பழசாகக் காட்டுவது எப்படி என்பதற்கானது. நடத்திய அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். ஒரு துணிப்பையைத் தரையில் கவிழ்த்தார். சைக்கிள் சங்கிலி, சுத்தியல், சாவிக்கொத்து, ஆணி அறைந்த கட்டை. "இவற்றை வைத்து அடியுங்கள். இந்த மேசைமேல் ஒரு வாழ்க்கை நடந்திருப்பது தெரிய வேண்டும்," என்றார். ஏழெட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டே ஆளுக்கொரு ஆயுதத்தை எடுத்துச் செல்லமாகத் தட்டினார்கள். அடி விழுந்த இடத்தில் கரும்பழுப்பு மெழுகைத் தேய்த்தால், அது குழிக்குள் இறங்கித் தங்கி, காயத்தை எடுத்துக் காட்டும். அப்படி அடிபட்ட சாமானுக்குத்தான் இங்கே மவுசு.

நான் சங்கிலியை எடுத்தேன். முதல் இரண்டு அடி ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் எத்தனை அடித்தேன் என்று எனக்குத் தெரியாது. மேசைக்கால் முறிந்து தரையில் உருண்டபோதுதான் நிறுத்தினேன். என் புறங்கை கிழிந்து ரத்தம் சொட்டியது. ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் மெல்ல அருகில் வந்து என் கையிலிருந்த சங்கிலியை வாங்கிக்கொண்டார்.

என் மகள் இனியாவுக்குப் பதினைந்து வயது. சாமான் தூக்க உதவிக்கு வந்தவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். காரில் ஏறியதும் கேட்டாள்.

"அம்மா, நீ மேசையை அடிக்கலை. யாரை அடிச்சே?"

"யாரையும் இல்லடி. கை வழுக்கிருச்சு."

"பொய் சொல்றே," என்று சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். வீடு வரும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

2

அதே வாரம், ஊரில் லாரி ஓட்டும் தம்பி செல்வம் போன் செய்தான்.

எங்கள் ஊர் வாடிப்பட்டிக்கும் சோழவந்தானுக்கும் நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம், என் ஆட்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மெயின் ரோட்டிலிருந்து இறங்கினால் முதலில் ஊர். ஊர் முடிந்து வாய்க்காலைத் தாண்டினால் காலனி. நாங்கள் காலனி. செல்வம் அங்கே பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் புது வீடு கட்டியிருந்தான்.

"ஏக்கா, ஆவணியில பால் காய்ச்சுறோம். பாப்பாவக் கூட்டிக்கிட்டு வந்துரு."

"வாரேன்டா."

"அந்தப் பச்சை பீரோவத்தான் என்ன செய்யன்னு தெரியல. புது வீட்டுல அத வச்சா அசிங்கமா இருக்கும். சமையலுக்கு விறகாக்கிரலாம்னு பாக்குறேன்."

"தொடாத. நான் வந்து பெயிண்ட் அடிக்கிறேன்."

"லண்டன் பெயிண்டாக்கும்?"

"லண்டன் இல்லடா, லீட்ஸ். எத்தன தடவ சொல்றது."

"எல்லாம் ஒண்ணுதான். மில்லுக்காரரும் வாராரு. அவரு கண்ணுல உறுத்தாம இருக்கணும், அம்புட்டுதான்."

போனைக் காதில் வைத்தபடியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மில்லுக்காரர் எங்கள் வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு தடவை வந்திருக்கிறார்.

3

அக்கா ராசாத்தியின் கல்யாணச் சீருக்காக வாங்கிய பீரோ அது. வேப்பமரம், இரண்டு கதவு, உள்ளே ஒரு ஆள் நிற்கலாம். எனக்கு அப்போது பதினேழு வயது, செல்வத்துக்கு ஏழு. அப்பா கரும்பு வெட்டும் கூலி. ஆரப்பாளையத்திலிருந்து ஒரு மினி லாரியில் பீரோவை ஏற்றி வந்தார். டிரைவர் மதுரைக்காரர். காலனி ஆட்கள் சீர்ச்சாமானை வண்டியில் வைத்து ஊர்த்தெரு வழியாகக் கொண்டுவரக் கூடாது. மெயின் ரோட்டிலேயே இறக்கி, வாய்க்கால் கரையோடு தலைச்சுமையாகத் தூக்கிப் போக வேண்டும். இது எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். டிரைவருக்குத் தெரியாது. நேராக ஊருக்குள் விட்டுவிட்டார். அப்பா அவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தார். நிறுத்தச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு அம்மா கேட்டபோது, "ஒரு தடவ உக்காந்துதான் போவமேன்னு தோணுச்சு" என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு நான்கு பேர் வந்தார்கள்.

அம்மாவும் அக்காவும் வளையல் எடுக்கச் சோழவந்தான் போயிருந்தார்கள். செல்வம் பள்ளிக்கூடத்தில். அப்பா பீரோவின் கால் ஆடாமலிருக்க அடியில் ஓட்டுச்சில்லு வைத்துக்கொண்டிருந்தார். வாசலில் நாய் குரைத்தது, அப்புறம் ஊளையிட்டு அடங்கியது. அப்பா எட்டிப் பார்த்தார். என் சடையைப் பிடித்து இழுத்து, பீரோவுக்குள் தள்ளி, கதவைச் சாத்தினார். சாவி திரும்பும் சத்தம் கேட்டது.

உள்ளே புது வார்னிஷ் நெடி. அப்பா கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். அவர்மேல் விழுந்த ஒவ்வொரு அடியும் பலகை வழியாக என் மார்பில் வந்து இடித்தது. "பீரோ கேக்குதாடா உனக்கு? வண்டியில ஊர்கோலம் வேற." அது மில்லுக்காரர் குரல். நெல் அரைக்கப் போகும்போதெல்லாம் கேட்ட குரல்தான். அப்பாவைப் பிடித்து இழுத்தார்கள். அவர் கதவுக் கைப்பிடியை விடவில்லை. விடாத கையில் அருவாள் இறங்கியது. வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் தனியாகப் போய் விழுந்தன. அப்பா அலறிய அலறலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

பிறகு பீரோவை வெட்டினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. பலகை அதிர்ந்து என் நெற்றியைப் பெயர்த்தது. நான்காவது வெட்டு பலகையைப் பிளந்து உள்ளே வந்தது. அருவாள் நுனிக்கும் என் மூக்குக்கும் நடுவில் மூன்று விரல் இடம் இருந்தது. பாவாடை நனைந்து காலில் ஒழுகியது. தாவணியைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். அருவாள் மரத்தில் மாட்டிக்கொண்டது. ஆட்டினார்கள், அசைத்தார்கள், வரவில்லை. ஒரு கால் கதவில் தொம்மென்று ஊன்றியது. மரம் கிறீச்சிட, அருவாள் உருவிக்கொண்டு வெளியே போனது. அது போன வழியாக வெயில் உள்ளே வந்தது. அந்தப் பிளவில் மில்லுக்காரர் முகத்தைப் பார்த்தேன். முகமெல்லாம் வேர்வை. மூச்சு வாங்கிக்கொண்டு, விறகு பிளந்து அலுத்த ஆள் மாதிரி நின்றார்.

4

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அப்பா பதினெட்டு நாள் கிடந்தார். ஸ்டேஷனிலிருந்து வந்து அங்கேயே வாக்குமூலம் எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டைப் பார்க்கப் பெரிய அதிகாரி ஒருவர் வருவார் என்றார்கள். வரவில்லை. மார்கழி முடிந்தது.

அக்காவின் கல்யாணம் தைக்குத் தள்ளிப்போயிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கெட்டவர்கள் இல்லை. ஆனால் வெட்டுப்பட்ட சாமானைச் சீராக ஏற்கக் கூடாது, வீட்டுக்கு ஆகாது என்று சொல்லியனுப்பினார்கள். பொங்கல் வந்தது. காலனியில் எல்லா வீட்டிலும் வெள்ளையடித்தார்கள். எங்கள் வீட்டுக்கு நான் அடித்தேன். சுவர் முடிந்ததும் எதிரே பீரோ நின்றது. மரத்தூளையும் பசையையும் குழைத்து நான்கு வெட்டுக்கும் பட்டி பார்த்தேன். கதவில் ஊறியிருந்த அப்பாவின் ரத்தத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், தூள் சிவப்பாகப் பறந்தது. பம்பு செட்டுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை எனாமலை ஒரு வீட்டில் கேட்டு வாங்கி வந்து, இரண்டு கோட்டிங் கொடுத்தேன். கோடு தெரியாமல் அடித்தேன். அக்காவின் சீரைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து அன்றைக்கு எனக்குப் பெருமை வேறு. எதையும் தொடாதே என்று எங்களிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அந்த அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். "வெட்டுனாங்கன்னு சொன்னீங்களே, எங்க?" என்றார். பச்சை இன்னும் கையில் ஒட்டும் பதத்தில் இருந்தது. பீரோவைப் பார்த்தார், வெள்ளைச் சுவரைப் பார்த்தார். வீட்டினுள் சேதம் எதுவும் காணப்படவில்லை என்று மகஜரில் எழுதிக்கொண்டு போனார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. பதினேழு வயதில் எனக்கு ஜீப்பைக் கண்டால் பயம்.

வழக்கு ஐந்து வருஷம் இழுத்தது. தெருவில் குடிபோதையில் நடந்த தகராறு, கரும்பு வெட்டுகிற கத்தி அவன் கையிலேயே பட்டுவிட்டது, நாங்கள் அந்த வீட்டுப் படி ஏறியதே கிடையாது என்றார்கள். நான் உள்ளே இருந்ததை அப்பா வாக்குமூலத்தில் சொல்லவில்லை. வீட்டுக்குள் புகுந்து வெட்டினார்கள் என்பதற்குப் பீரோ ஒன்றுதான் சாட்சி. அதன் வாயை நான் அடைத்து வைத்திருந்தேன். நான்கு பேரும் விடுதலை. அக்காவின் மாப்பிள்ளை வீட்டாரும் பீரோவை ஏற்கவில்லை. பச்சைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாதா என்று சிரித்தார்களாம்.

வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டியிருந்தால் தேவலை. நர்ஸ் படித்துவிட்டு நான் விமானம் ஏறியது வேலைக்காக மட்டும் இல்லை.

5

ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் சாக் பெயிண்ட் வைக்கவில்லை, டின் கனம். பால் பெயிண்ட் பொடி வைத்துக்கொண்டேன். பாலைத் திரித்து எடுத்த சத்து, சுண்ணாம்பு, நிறப்பொடி, மூன்றும் காய்ந்த தூளாக வரும். தண்ணீர் விட்டுக் கலக்கினால் பெயிண்ட். இறங்கிய விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்தப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினார்.

"என்னம்மா இது, வெள்ளைப் பொடி?"

"பெயிண்ட் சார். பால்ல செஞ்சது."

"பாலா? அப்ப உணவுப் பொருள்னு எழுதுங்க."

"திங்க முடியாது சார். சுண்ணாம்பு இருக்கு."

"அப்ப ரசாயனம். அதுக்கு வேற ஃபாரம்."

மூன்று ஃபாரம், இரண்டு மணி நேரம். நான் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கு மாறியவள் என்பதால் வெளிநாட்டவர் என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னார்கள். மெழுகு டப்பாவை மோந்து பார்த்து, "இது கால் வெடிப்புக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது ஒன்றுதான் தப்பியது. பொடியைப் பரிசோதனைக்கு அனுப்புவதாகச் சொல்லி ஒரு ரசீதை நீட்டினார்கள்.

"நம்ம ஊர்னு சொன்னியே அம்மா. அவங்களுக்கு உன்னைத் தெரியவே இல்லை," என்றாள் இனியா. கிண்டலாகச் சொன்னாளா, பாவப்பட்டுச் சொன்னாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

6

பீரோவை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் போட்டிருந்தான் செல்வம். அப்பா அதற்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுபத்திரண்டு வயது. அம்மா போய் நான்கு வருஷம் ஆகிறது.

இருபத்தாறு வருஷத்தில் நான் அடைத்த பட்டி சுருங்கிப்போயிருந்தது. பச்சையில் நான்கு கோடு அமுங்கித் தெரிந்தது. அதன்மேல் நல்லதாக இன்னொரு பெயிண்டைப் பூசி மறைக்கத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். இப்போது மூட மனசு வரவில்லை. செல்வத்தின் லாரி டூல்ஸ் பெட்டியிலிருந்து ஒரு தகட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன்.

ஒரு நாள் முழுக்கச் சுரண்டினேன். பச்சை சுருள் சுருளாக விழுந்தது. நகக்கண் எல்லாம் கிழிந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து வெட்டுக்குள் இருந்த பட்டியைக் குத்திக் குத்தித் தோண்டினேன். மூன்று வெட்டும் வாயைப் பிளந்துகொண்டு வந்தன. நான்காவதில் குத்தியபோது ஸ்க்ரூ டிரைவர் அந்தப் பக்கம் போய்விட்டது. கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். அதே இடத்தில் அதே வெயில் விழுந்திருந்தது.

லோடு இறக்கிவிட்டு வந்த செல்வம் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னக்கா செய்யுற? மூடச் சொன்னா தோண்டுற?"

"மூடி மூடித்தான் இம்புட்டு வருசம் போச்சு."

"எனக்கு லோடு குடுக்குறதே அவரு மில்லுதான். அவரு மகன் எலெக்சன்ல நிக்கிறாரு, நம்ம வீடு தேடி வாராரு. கூப்புட்டு வச்சு அவர அசிங்கப்படுத்தவா? நீ பத்து நாள்ல ஏரோப்ளேன்ல ஏறிருவ. நாந்தான் தெனமும் அந்தத் தெரு வழியா வண்டி ஓட்டணும்."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"அன்னைக்கு நீ பள்ளிக்கூடத்துல வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்த. உள்ள நின்னது நான்."

"அப்ப அது இருக்கவே வேணாம்," என்று கடப்பாரையைத் தூக்கினான்.

நான் பீரோவில் முதுகைக் கொடுத்து நின்றேன். அவன் நிறுத்துவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. கடப்பாரை என் தோளுக்கு ஒரு சாண் தள்ளிச் சட்டத்தில் இறங்கியது. சிலாம்பு தெறித்து என் கன்னத்தைக் கிழித்தது. நான் அவனை அறைந்தேன். ஒன்று, இரண்டு, கணக்கில்லாமல். அவன் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். நான் அவன் தோளைக் கடித்தேன், சட்டையோடு சேர்த்து, வாயில் உப்புக் கரிக்கும்வரை. இனியா இங்கிலீஷில் கத்திக்கொண்டு ஓடி வந்தாள். நாற்பத்து மூன்று வயதுப் பொம்பளை, பெற்ற பிள்ளை பார்க்க, கூடப்பிறந்தவனைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

கடப்பாரையை ஒரு கை பிடித்தது. மூன்று விரல் உள்ள கை.

"கீழ போடு," என்றார் அப்பா. செல்வம் போட்டுவிட்டான்.

மூன்று பேரும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். அப்பா நாற்காலியில் திரும்ப உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், பீரோவைப் பார்த்துப் பேசினார்.

"கூண்டுல நிக்கிறப்ப அவுக வக்கீலு கேட்டாரு, பீரோவுல வெட்டு எங்கய்யான்னு. சொரண்டிப் பாருங்கன்னு சொல்ல நாக்கு நுனிவரைக்கும் வந்துச்சு."

"ஏம்ப்பா சொல்லல?"

"யாரு பூசுனான்னு கேப்பாக. எதுக்குப் பூசுனான்னு கேப்பாக. உள்ள யாரு இருந்தா, யாரப் பாத்தான்னு வரும். அப்பறம் உன்னக் கூண்டுல ஏத்தணும். நீ நர்ஸ் படிக்க மதுரைக்குத் தெனமும் அந்தத் தெருவத் தாண்டித்தான பஸ்ஸுக்குப் போன. கேசா, நீயான்னு பாத்தேன். கேசு போனாப் போகுதுன்னு விட்டேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ பூசுனதுனால தோக்கல ஆத்தா. நாந்தான் விட்டேன்."

நான் அழுதேன். அழுகையோடு சேர்ந்து அவர்மேல் ஆத்திரமும் வந்தது. பதினெட்டு வருஷமாக வாரம் தவறாமல் போனில் மழை பெய்ததா, மருந்து சாப்பிட்டாயா என்று பேசுகிறோம். ஒரு வாரம் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

"இப்ப என்ன செய்யச் சொல்றீங்க?" என்றேன்.

"பால் காய்ச்சுற அன்னைக்கு அது நடுவீட்டுல நிக்கட்டும். மூடுறதும் தொறக்குறதும் உன் இஷ்டம்."

7

பொடி சுங்கத்தில் மாட்டிக்கொண்டதால் பால் பெயிண்டை நானே செய்ய வேண்டியதாயிற்று. மதுரைக்குப் போய் டவுனில் ஒரு பாய் கடையில் நிறப்பொடி கேட்டேன். "எதுக்கும்மா, செவுத்துக்கா?" என்றார். வேப்பமர பீரோவுக்கு என்றேன். "வேம்புக்கு நீலம் நல்லா எடுக்கும். சுண்ணாம்போட சேந்தாலும் வெளுக்காது, இன்ஷா அல்லா பத்து வருசம் நிக்கும்," என்று நீலத்தை மடித்துக் கொடுத்தார். வெற்றிலைக்காரர்கள் ஊரான சோழவந்தானில் சுண்ணாம்புக்கா பஞ்சம்? ஒரு தூக்குவாளி நிறைய வாங்கினேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் கொட்டகை வாசலில் பத்துப் பால் பாக்கெட் இருந்தது. செல்வம் என்னோடு பேசவில்லை, பாலை மட்டும் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

பாலைத் திரித்து, துணியில் வடித்து, கழுவி, திரட்டோடு சுண்ணாம்பைப் போட்டுப் பிசைந்தேன். சிறிது நேரத்தில் அது தானாக இளகிப் பசையாகும். நீலத்தைப் போட்டதும் இனியா எட்டிப் பார்த்து, "நைஸ்," என்றாள். மத்தியானம் சாப்பிட வந்த செல்வம், சபதத்தை மறந்து வாயைத் திறந்துவிட்டான்.

"நீலமாக்கா? வேற மாதிரி எடுத்துக்குவாக."

"எடுத்துக்கிறட்டும்."

வெட்டுகளை மூடவில்லை. வெட்டின் உதட்டுவரை நீலம், உள்ளே வெறும் மரம். வேலை செய்துகொண்டே இனியாவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், பாவாடை நனைந்ததையும் விடாமல். பீரோவைத் திறந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிளவில் அவள் கண் தெரிந்தது. ரொம்ப நேரம் உள்ளேயே இருந்தாள். வெளியே வந்து, என் கையிலிருந்த மெழுகுத் துணியைப் பிடுங்கி, கரும்பழுப்பு மெழுகை ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் அவளே அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். சங்கிலி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது சரிதான். நீலத்தின் மேல் நான்கும் எழுந்து நின்றன.

ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. லீட்ஸ் குளிரில் மெழுகு ஒரே நாளில் இறுகிவிடும். மதுரைச் சூட்டில் அது இறுகவே இல்லை.

8

இதை லீட்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். செல்வத்துக்கு மில் லோடு நின்றுவிட்டது. இப்போது சோழவந்தானிலிருந்து வெற்றிலைக் கட்டு ஏற்றுகிறான். "முன்னைக்கு இது தேவலக்கா," என்கிறான். என் மனசு நோகக் கூடாது என்றும் சொல்லியிருக்கலாம். லோடு நின்ற கதை இதுதான்.

பால் காய்ச்சிய அன்று பத்து மணிக்கு மில்லுக்காரர் மகனோடு வந்தார். அவர்கள் காரைக் காலனிக்குள் திருப்ப இடமில்லை. ஊரின் அந்தக் கடைசியில், மெயின் ரோட்டோரம் நிறுத்திவிட்டு, வழியில் பார்த்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கொண்டு நடந்து வந்திருந்தார்கள். மகன் வேட்பாளர் இல்லையா. மில்லுக்காரருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. வெள்ளை வேட்டி, கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல். ஹாலில் நாற்காலி போட்டோம். பால் கொடுத்தோம். அந்தக் காலத்தில் எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொட மாட்டார், இப்போது ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தம்ளரை நீட்டினார்.

மகன்தான் முதலில் பார்த்தார். "பீரோ சூப்பரா இருக்கே. ஆன்ட்டிக்கா?"

"அக்கா பெயிண்ட் அடிச்சதுண்ணே," என்றான் செல்வம். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மில்லுக்காரர் எழுந்து பீரோவுக்குக் கிட்டே போனார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என்ன மரம்?"

"வேம்பு," என்றார் அப்பா.

அவர் ஆள்காட்டி விரல் முதல் வெட்டில் ஓடியது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவதில் விரல் நுனி உள்ளே இறங்கி நின்றது. மரம் தெரிந்த மனிதர் மரத்தைப் பற்றிப் பேசுகிற சாதாரணக் குரலில் சொன்னார்.

"வேம்பு இப்பிடித்தான். அருவாளக் கவ்விக்கிரும். லேசுல உருவ முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது. மகன் அப்பன் முகத்தைப் பார்த்தார். நான்கு பேரும் அந்த வீட்டுப் படி ஏறியதே கிடையாது என்று தீர்ப்பில் இருக்கிறது.

"கால ஊனித்தான உருவுனீங்க," என்றார் அப்பா. மூன்று விரலால் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

நான் சொன்னேன், "உள்ள நான் இருந்தேன். அந்த ஓட்டை வழியாத்தான் உங்க மொகத்தப் பாத்தேன். நல்லா வேர்த்திருந்துச்சு."

மில்லுக்காரர் விரலை வெடுக்கென்று உருவினார். மெழுகு இறுகியிருக்கவில்லை, நுனியெல்லாம் கரும்பழுப்பு. அதைப் பார்த்ததும் யோசிக்காமல் வேட்டியில் துடைத்தார். பரவியது. இன்னும் அழுத்தித் துடைத்தார். தொடைப் பக்கம் ஒரு கை அகலத்துக்கு, காய்ந்த ரத்தத்தின் நிறத்தில், இழுவிக்கொண்டு போனது. மகன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

மெழுகுக் கறை தண்ணீருக்குப் போகாது. தின்னர் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். தின்னர் டின் கொட்டகையில் இருந்தது. செல்வம் என்னைப் பார்த்தான். அப்பா என்னைப் பார்த்தார். நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

வாய்க்காலைத் தாண்டி, ஊர்த்தெரு முழுவதையும் கடந்து, கார் நின்ற இடம்வரை அவர் அந்த வேட்டியோடுதான் நடந்து போனார்.